ஊராட்சி ஆபீஸ் வரை வந்த கம்பி: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழைக் கேபிள் போடும் மத்திய அரசின் பாரத்நெட் திட்டம் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன், கிராமங்களுக்கு அதிவேக இணையம் கொண்டுபோக ஒதுக்கிய பணம் எங்கே போய் நின்றிருக்கிறது என்று. அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால் இந்த இதழில் வேறு எதற்கும் இடம் இருக்காது போலிருக்கிறது. சரி, முழுக்க இதற்கே கொடுத்துவிடலாம். எழுதியவர்களில் சிலர் அரசு வேலையில் இருக்கிறார்கள், பெயர் போட வேண்டாம் என்றார்கள். அதனால் யார் பெயரும் இல்லை, ஊர் மட்டும்.

● எங்கள் ஊராட்சி ஆபீசில் ஒன்றரை வருடத்துக்கு முன்னால் பீரோ மாதிரி ஒரு இரும்புப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். பச்சை விளக்கு எரிகிறது. இப்போது அதன் மேல் பழைய வாக்காளர் பட்டியல் கட்டும் ஒரு பிளாஸ்டிக் குடமும் இருக்கிறது. ஊரில் ஒருத்தருக்கும் நெட் வரவில்லை. இது யார் காசு?
(விவசாயி, செங்கம் பக்கம்)

உங்கள் காசு. பேச்சுக்காகச் சொல்லவில்லை, கணக்கே போட்டுக் காட்டலாம். நீங்கள் 299 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்தால் ஜிஎஸ்டி போக சுமார் 253 ரூபாய் கம்பெனிக்கு வருமானம். அந்த வருமானத்தில் சில கழிவுகள் போக 5 சதவீதத்தை அவர்கள் அரசுக்குக் கட்ட வேண்டும், அதாவது உங்கள் ஒரு ரீசார்ஜில் தோராயமாக 12 ரூபாய். லாபம் வராது என்று கம்பெனிகள் ஒதுக்கிவிடும் ஊர்களுக்கு போனும் நெட்டும் கொண்டுபோவதற்கென்றே 2002-லிருந்து வசூலாகிற பணம் இது. 2003-ல் தந்திச் சட்டத்தைத் திருத்தி இதற்குச் சட்ட அந்தஸ்து கொடுத்தார்கள், 2023-ல் வந்த தொலைத்தொடர்புச் சட்டம் பெயரை 'டிஜிட்டல் பாரத் நிதி' என்று மாற்றியது. பெயர் மாறினாலும் ஒரு பழைய சிக்கல் மாறவில்லை. வசூலாகும் பணம் நேராக இந்த நிதிக்கு வராது, முதலில் அரசின் பொதுக் கஜானாவில் விழும், பிறகு நாடாளுமன்றம் ஒதுக்கினால்தான் வெளியே வரும். அப்படி ஒதுக்கப்படாமல் பல்லாயிரம் கோடி ரூபாய் வருடக்கணக்கில் கிடந்திருக்கிறது.

உங்கள் ஆபீசில் இருப்பது பாரத்நெட் இரண்டாம் கட்டத்தின் பெட்டி, கேபிள் வந்து முடிகிற இடம். தமிழ்நாட்டில் இதைச் செய்வது மாநில அரசின் டான்ஃபிநெட் நிறுவனம், 2018-ல் இதற்காகவே ஆரம்பித்தது. 12,525 ஊராட்சிகள், சுமார் 1,815 கோடி ரூபாய், ஒவ்வொரு ஊராட்சிக்கும் 1 ஜிபிபிஎஸ் வேகம், இதுதான் திட்டம். 1 ஜிபிபிஎஸ் என்றால் ஒரே நேரத்தில் 200 வீட்டில் ஆளுக்கு ஒரு வீடியோ தடங்கலில்லாமல் ஓடும், நம்பலாம்.

அப்புறம் ஏன் வரவில்லை? பெட்டி வரைக்கும்தான் திட்டம். பெட்டியிலிருந்து உங்கள் வீட்டுக்கு யார் ஒயர் இழுப்பது, யார் மோடம் கொடுப்பது, மாதம் எவ்வளவு, அறுந்தால் யாரைக் கூப்பிடுவது, இதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். மேல்நிலைத் தொட்டியைக் கட்டித் திறப்பு விழாவும் நடத்திவிட்டுத் தெருக்குழாய் போட மறந்த கதை. நம் மாநிலத்தில் மட்டும் என்று நினைக்காதீர்கள். 2025 தொடக்கத்தில் நாடாளுமன்றத்தில் கொடுத்த கணக்குப்படி நாடு முழுக்க 2 லட்சத்து 14 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகள் 'சேவைக்குத் தயார்', போட்ட கேபிள் கிட்டத்தட்ட 6.9 லட்சம் கிலோமீட்டர், ஆனால் அதிலிருந்து வீடுகளுக்குக் கொடுத்த இணைப்புகள் சுமார் 12 லட்சம். வகுத்துப் பாருங்கள், ஊராட்சிக்கு ஆறு வீடுகூடத் தேறாது. 'சேவைக்குத் தயார்' என்று எழுத பச்சை விளக்கு எரிந்தால் போதும், பக்கத்தில் குடம் இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை.

● இந்தத் திட்டத்தை நான் வேலையில் இருந்த காலத்திலேயே கேள்விப்பட்டேன். ரிட்டையர் ஆகிப் பேரன் பள்ளிக்கூடம் போகிறான். ஏன் இவ்வளவு தாமதம்?
(ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், முசிறி)

ஐயா, உங்கள் ஞாபகம் சரி. 2011 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது, அப்போது பெயர் தேசிய கண்ணாடி இழை வலையமைப்பு. 20,000 கோடி ரூபாயில் இரண்டரை லட்சம் ஊராட்சிகளை இரண்டே வருடத்தில் இணைத்துவிடுவதாகச் சொன்னார்கள். 2015-ல் பாரத்நெட் ஆனது. முதல் ஒரு லட்சம் ஊராட்சி முடியவே 2017 டிசம்பர் ஆகிவிட்டது. 2020 சுதந்திர தின உரையில் 1,000 நாளில் 6 லட்சம் கிராமங்களுக்கும் கண்ணாடி இழை வரும் என்று பிரதமர் அறிவித்தார். அந்த 1,000 நாள் 2023 மே மாதம் முடிந்தது, ஆகஸ்டில் 1,39,579 கோடி ரூபாய்க்குத் 'திருத்திய பாரத்நெட்' என்று புதிதாக ஒன்றுக்கு ஒப்புதல் கொடுத்தார்கள்.

தாமதத்துக்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள், என்னைக் கேட்டால் முதல் கோளாறு வரைபடத்திலேயே இருந்தது. முதல் கட்டத்தில் செலவைக் குறைக்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: ஒன்றியத் தலைநகர் வரைக்கும் பிஎஸ்என்எல் ஏற்கெனவே போட்டிருந்த பழைய இழையைப் பயன்படுத்திக்கொள்வது, அங்கிருந்து ஊராட்சிக்கு மட்டும் புதிதாகப் போடுவது. பழைய இழையில் ஊருக்கு ஊர் ஜாயிண்ட், ஜாயிண்டுக்கு ஜாயிண்ட் சிக்னல் இழப்பு. போதாததற்கு எல்லாம் ஒரே வரிசையில் ஓடின, ரோடு அகலப்படுத்துகிற பொக்லைன் ஒரு இடத்தில் கையை வைத்தால் அதற்கு அந்தப் பக்கம் இருக்கிற எல்லா ஊரும் அவுட். 2023 திட்டத்தில்தான் வளையமாகப் போடச் சொன்னார்கள், ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் சுற்றிக்கொண்டு வரும்படி. பன்னிரண்டு வருடம் கழித்து.

தமிழ்நாட்டுக்கு என்று தனி தாமதமும் உண்டு. ஏறத்தாழ 2,000 கோடி ரூபாய் டெண்டரின் நிபந்தனைகள் சிலருக்கு மட்டும் தோதாக எழுதப்பட்டிருப்பதாக ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் புகார் கொடுத்தது, 2020 ஜூனில் மத்திய அரசு அந்த டெண்டரை ரத்து செய்து மறுபடி விடச் சொல்லிவிட்டது. கொரோனாவில் பிள்ளைகள் மொட்டை மாடியில் ஏறி சிக்னல் தேடிக்கொண்டிருந்த நேரம் அது. டெண்டரைத் தட்டிக் கேட்டது தப்பு என்று சொல்ல மாட்டேன், கேட்கத்தான் வேண்டும். ஆனால் ஒழுங்காக எழுதியிருந்தால் ஊரடங்கு முடிவதற்குள் பாதிக் கம்பியாவது ஏறியிருக்கும்.

● ஊராட்சிச் செயலர் ஒருவர் எழுதுகிறார்: பெட்டியை என் ஆபீசில் வைத்துவிட்டு அதற்கு நான் பொறுப்பு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். கரண்ட் போனால் என்னைக் கேட்கிறார்கள், யுபிஎஸ் பேட்டரி இறங்கினால் என்னைக் கேட்கிறார்கள், எலி கடித்தால் அதற்கும் நான்தான். எனக்கு இதில் ஒரு மணி நேரப் பயிற்சிகூடக் கொடுக்கவில்லை. நான் என்ன செய்ய?
(தருமபுரி மாவட்டம்)

உங்கள் கடிதத்தைத்தான் இரண்டு தடவை படித்தேன், ஏனென்றால் விஷயமே இங்கேதான் இருக்கிறது. சாதனங்களுக்கு இருபத்து நான்கு மணி நேரமும் மின்சாரம் இருப்பதைச் செயலர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எழுதுவது சுலபம். வீட்டு வரி, குடிநீர், தெருவிளக்கு, 100 நாள் வேலை, பிரதமர் வீட்டுத் திட்டம், கணக்கெடுப்பு என்று ஏற்கெனவே ஒரு ஆள் தலையில் இருக்கிற சுமையில் இன்னொன்று. போதாக்குறைக்கு பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர், உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியோடு முடிந்து தனி அலுவலர் கைக்குப் போனது. அவர் ஒன்றிய ஆபீசில் உட்கார்ந்திருப்பார், ஊரில் கேள்வி கேட்க வருகிறவர்கள் உங்களிடம்தான் வருவார்கள்.

பணம் கொடுக்கிற முறையே தலைகீழாக இருக்கிறது என்பது என் வாதம். காண்ட்ராக்டருக்குக் கிலோமீட்டர் கணக்கில் பணம் கொடுத்தால் அவர் கிலோமீட்டர்தான் போடுவார். மாதத்தில் எத்தனை மணி நேரம் லைன் உயிரோடு இருந்தது என்று பார்த்துப் பணம் கொடுத்தால்தான் லைன் ஓடும், எலிக்கும் ஒரு வழி பிறக்கும். 2023 திட்டத்தில் போடுகிறவரே 10 வருடம் பராமரிக்கவும் வேண்டும் என்று ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார்கள், அந்த அளவில் நல்லது. அதோடு ஊர்ப் பையன் ஒருவனுக்கு, ஐடிஐ படித்தவனாக இருந்தால் போதும், பயிற்சி கொடுத்து, நாலைந்து ஊராட்சிக்கு ஒரு ஆள் என்று மாதச் சம்பளம் போட்டிருந்தால் ஆகிற செலவு மொத்தத் திட்டத்தில் கடுகளவு. அதைச் செய்ய யாருக்கும் மனம் வரவில்லை, சம்பளம் கொடுப்பதற்குத் திறப்பு விழா நடத்த முடியாது, அதனாலோ என்னவோ.

உங்களுக்கு உடனே உதவுகிற மாதிரி ஒன்று சொல்கிறேன். ஒரு நோட்டுப் போடுங்கள். என்றைக்குக் கரண்ட் போனது, என்றைக்கு விளக்கு அணைந்தது, யாருக்குப் போன் செய்தீர்கள், எப்போது வந்தார்கள், தேதியோடு. மாதம் ஒருமுறை அதை நகல் எடுத்து வட்டார வளர்ச்சி அலுவலருக்கு அனுப்பி, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். நாளைக்கு ஆடிட்டில் சாதனம் ஏன் ஓடவில்லை என்று கேட்டால் உங்கள் பக்கம் காகிதம் இருக்கும்.

● கேபிளை அறுத்துக்கொண்டு போகிறார்களாமே, உண்மையா?
(மதுராந்தகம்)

உண்மை. செம்பு இருக்கும் என்று நினைத்து அறுக்கிறார்கள், உள்ளே இருப்பது கண்ணாடி நூல். ஒரு உலோகமும் இல்லை, மறுவிற்பனை மதிப்பு கிடையாது என்று அரசே பத்திரிகைச் செய்தி கொடுத்துப் பார்த்தது. காயலான் கடைக்காரர்கூட வாங்க மாட்டார். திருட்டைவிடப் பெரிய சேதம் வேறு வகையில் வருகிறது. நம் மாநிலத்தில் இந்தக் கேபிளில் 85 சதவீதம் மின்கம்பத்தில்தான் கட்டித் தொங்குகிறது, 15 சதவீதம்தான் மண்ணுக்குள். கரும்பு லாரி இழுத்துவிடும், புயலில் கம்பம் சாயும், மின்வாரிய ஆட்கள் கம்பம் மாற்றும்போது இதை அவிழ்த்துத் தரையில் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். கம்பத்தில் கட்டியதைக் குறை சொல்லவில்லை, அதனால்தான் செலவும் நாளும் குறைந்தது. அப்படிக் கட்டினால் பராமரிப்புக்கு ஆள் அதிகம் வேண்டும் என்பதை மட்டும் கணக்கில் சேர்க்காமல் விட்டார்கள்.

● போனிலேயே 5ஜி வந்துவிட்டது. இனிமேல் கம்பி எதற்கு? பழைய காலத்துத் திட்டத்துக்குக் காசைக் கொட்டுகிறார்கள் என்று தோன்றுகிறது.
(பொறியியல் மாணவர், கோவில்பட்டி)

தம்பி, உங்கள் போனிலிருந்து டவர் வரைக்கும்தான் காற்று. டவரிலிருந்து வெளியே போக ஒன்று கண்ணாடி இழை வேண்டும், இல்லையென்றால் மைக்ரோவேவ் தட்டு. டவருக்கு இழை போகாத ஊரில் கட்டம் நிறைய சிக்னல் காட்டும், வீடியோ சுற்றிக்கொண்டே இருக்கும். சாயங்காலம் ஏழு மணிக்கு ஊரே போனைக் கையில் எடுக்கிற நேரம் உங்கள் ஊரிலும் பார்த்திருப்பீர்கள்.

இன்னொன்று, நாம் போனில் ரீல்ஸ் பார்க்கிற கணக்கை வைத்துக்கொண்டு நெட் வந்துவிட்டது என்று சொல்லிவிடுகிறோம். 100 நாள் வேலையில் ஒரு நாளைக்கு இரண்டு முறை வேலையாட்களைப் போட்டோ எடுத்துச் செயலியில் ஏற்ற வேண்டும் என்று 2023 ஜனவரியில் கட்டாயமாக்கினார்கள். ரேஷன் கடையில் கைரேகை வைக்க வேண்டும். இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்கு ஸ்கேன் செய்து அனுப்ப வேண்டும், அதுவும் பக்கத்துக்குப் பக்கம். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து மாவட்ட மருத்துவமனை டாக்டரிடம் வீடியோவில் காட்ட வேண்டும். இதெல்லாம் ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி பேக்கில் ஓடுகிற வேலை இல்லை. மேலே ஏற்றுகிற வேகம் வேண்டும், அது விட்டுப்போகாமல் இருக்க வேண்டும். வீட்டில் பள்ளி போகிற பிள்ளைகள் இரண்டு, போன் ஒன்று, அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். 2017-18 தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில் கிராமத்து வீடுகளில் இணைய வசதி இருந்தது 14.9 சதவீதம், நகரத்தில் 42. அதற்குப் பிறகு போன்கள் பெருகிவிட்டன, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வீட்டில் உட்கார்ந்து படிக்கிற, வேலை செய்கிற மாதிரியான இணைப்பைக் கேட்டால் பதில் இன்னும் சங்கடமாகத்தான் இருக்கும்.

● எத்தனை வேகம் இருந்தால் 'அதிவேகம்'?
(கடலூர்)

2023 ஜனவரி வரை இந்தியாவில் 512 கேபிபிஎஸ், அதாவது அரை எம்பிபிஎஸ், வந்தாலே பிராட்பேண்ட் என்று கணக்கு. இப்போது 2 எம்பிபிஎஸ். அமெரிக்காவில் 2024-லிருந்து இறங்க 100, ஏற 20. நம் அளவுகோலில் யாரும் ஃபெயிலாக முடியாது.

● எங்கள் மலையில் இன்னும் எதுவும் வரவில்லை. ரேஷன் கடைக்காரர் கைரேகைக் கருவியைத் தூக்கிக்கொண்டு பாறை மேல் ஏறுவார், நாங்கள் பின்னாலேயே வரிசையாக ஏறி விரல் வைத்துவிட்டுக் கீழே இறங்கி அரிசி வாங்குவோம். வயதானவர்கள் ஏற முடியாது. கேட்டால் வனத்துறை அனுமதி இல்லை என்கிறார்கள். வழி உண்டா?
(கல்லூரி மாணவி, ஜவ்வாது மலை)

உண்டு, அதைச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். 2006-ம் வருட வன உரிமைச் சட்டம் என்றால் எல்லோரும் பட்டா விஷயம் மட்டும்தான் பேசுவார்கள். அதே சட்டத்தின் பிரிவு 3(2)-ஐ எடுத்துப் பாருங்கள். பள்ளிக்கூடம், மருத்துவமனை, அங்கன்வாடி, ரேஷன் கடை, குடிநீர், ரோடு இவற்றோடு மின்சார, தொலைத்தொடர்புக் கம்பிகளுக்கும் வன நிலத்தைக் கொடுக்கலாம் என்று வரிசையாகச் சொல்லியிருக்கிறது. நிபந்தனைகள் மூன்றுதான்: ஒவ்வொரு வேலைக்கும் நிலம் 1 ஹெக்டேருக்குள் இருக்க வேண்டும், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது, கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். மாவட்ட வன அலுவலர் மட்டத்திலேயே முடிகிற வேலை, டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. கம்பத்தில் கட்டிக்கொண்டு போகிற கேபிளுக்கு ஒரு மரம்கூட வெட்டத் தேவை இருக்காது.

ஒன்றைக் கவனியுங்கள். இந்தப் பிரிவு அரசு நடத்துகிற வசதிகளுக்கு மட்டும். டான்ஃபிநெட், பிஎஸ்என்எல் வந்தால் பொருந்தும், தனியார் டவருக்குப் பொருந்தாது. அதனால் கிராம சபையில் தீர்மானம் போடும்போது "எங்கள் ஊருக்கு நெட் வேண்டும்" என்று பொதுவாக எழுதாமல், எந்தத் திட்டத்தில், எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை, பிரிவு 3(2)-ன் கீழ் பரிந்துரைக்கிறோம் என்று எழுதச் சொல்லுங்கள். தீர்மான நகலோடு போனால் 'அனுமதி இல்லை' என்று வாயால் சொல்ல முடியாது, விண்ணப்பம் வந்ததா, எந்த மேஜையில் இருக்கிறது என்று பதில் சொல்லியாக வேண்டும். பல இடங்களில் விண்ணப்பமே போட்டிருக்க மாட்டார்கள், வனத்துறை பெயரைச் சொல்லித் தப்பித்துக்கொள்வார்கள். வனத்துறைக்கு நான் வக்கீல் இல்லை, அவர்கள் பாவம் சம்பாதித்தது வேறு கணக்கு.

டவருக்கும் ஒரு திட்டம் இருக்கிறது. 2022 ஜூலையில் 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொண்டுபோக 26,316 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள், இதுவும் உங்கள் ரீசார்ஜ் பணத்தில் சேர்ந்த நிதிதான், பிஎஸ்என்எல் செய்கிறது. அந்தப் பட்டியலில் உங்கள் குக்கிராமம் பெயர் இருக்கிறதா என்று ஆட்சியர் அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள். தாய்க் கிராமத்தில் சிக்னல் இருந்தால் மேலே இருக்கிற குக்கிராமங்களையும் சேர்த்து 'இருக்கிறது' என்று எழுதிவிடுவது இந்த மாதிரிப் பட்டியல்களில் வழக்கமாக நடக்கிற தவறு.

● நான் இருபது வருடமாகக் கேபிள் நடத்துகிறேன். அரசு கேபிள் 70 ரூபாய்க்கு வந்தபோதே பாதிப் பேர் தொழிலை விட்டார்கள். இப்போது நெட்டும் அரசே கொடுத்தால் நாங்கள் எங்கே போவது?
(கேபிள் ஆபரேட்டர், ராஜபாளையம் பக்கம்)

அண்ணே, இந்தத் தடவை நீங்கள் இல்லாமல் அவர்களால் முடியாது என்பதுதான் வேடிக்கை. பெட்டியிலிருந்து வீட்டுக்கு ஒயர் இழுக்க, ராத்திரி எட்டு மணிக்கு "டிவி வரல" என்று கூப்பிட்டால் ஏணியோடு போய் நிற்க, மாதம் பிறந்தால் வீடு வீடாகப் போய் வசூலிக்க, ஒரு அரசு நிறுவனத்திடமும் ஆள் கிடையாது. உங்களிடம் இருக்கிறது. அதனால்தான் டான்ஃபிநெட்டும் உள்ளூர்ப் பங்குதாரர்களை விண்ணப்பிக்கச் சொல்லி விளம்பரம் கொடுத்தது. மத்திய அரசின் 'பாரத்நெட் உத்யமி'யும் அதே வழிதான், பிஎஸ்என்எல்லும் உள்ளூர்க்காரரும் வருமானத்தைப் பாதிப் பாதி பிரித்துக்கொள்வது.

உங்கள் பயம் விலையைப் பற்றி என்றால் அது நியாயம். 2025-ல் நம் சட்டமன்றத்தில் மாதம் 200 ரூபாய்க்கு 100 எம்பிபிஎஸ் என்று அமைச்சர் பேசினார். ஆந்திராவில் நெட், போன், டிவி மூன்றும் சேர்த்து 149 ரூபாய் என்று ஆரம்பித்தார்கள். கேரளாவில் 2023 ஜூனில் அந்த அரசின் இணையத் திட்டமான கேஃபோன் தொடங்கியபோது 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவசம் என்றார்கள், முதல் சுற்றில் எடுத்துக்கொண்டது தொகுதிக்கு 100 வீடாக 14,000 வீடு. கேட்கிறவர்களுக்கு இனிக்கும். 200 ரூபாயில் உங்களுக்கு 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 80 வீட்டுக்கு மாதம் 8,000, அதில் ஒரு பையன் சம்பளம், பெட்ரோல், வீணாகும் ஒயர். சின்ன ஊராட்சியில் இது தாங்காது. தாங்காது என்பதற்காகத்தானே அரசுப் பணம்? முதல் மூன்று நான்கு வருடம் இணைப்புக்கு இவ்வளவு என்று ஆபரேட்டருக்கு நேரடியாக மானியம் கொடுத்து, லைன் ஓடுகிற மாதத்துக்கு மட்டும் என்று வைத்தால் நீங்களும் பிழைப்பீர்கள், ஊருக்கும் நெட் வரும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒன்றை மட்டும் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்: மெயின் லைன் அறுந்து மூன்று நாள் நெட் இல்லையென்றால் வாடிக்கையாளருக்கு யார் பணம் திருப்பித் தருவது? அதற்கு மட்டும் பதில் சுற்றி வளைத்து வந்தால் போடாதீர்கள்.

● என் மகள் அமெரிக்காவில், ஒரு சின்ன ஊரில் இருக்கிறாள். அங்கேயே நெட் சரியில்லை என்கிறாள். நம்ப முடியவில்லை.
(திருவையாறு)

நம்புங்கள். அங்கேயும் பண்ணை வீடுகளுக்குக் கம்பி இழுத்தால் கம்பெனிக்குக் கட்டாது. 2021 நவம்பரில் ஒரு சட்டம் போட்டு, இதற்கு மட்டும் 42.45 பில்லியன் டாலர் ஒதுக்கினார்கள். எந்த வீட்டுக்கு நெட் இல்லை என்று வரைபடம் போடுவது, அந்த வரைபடம் தப்பு என்று கம்பெனிகளும் ஊர்க்காரர்களும் ஆட்சேபிப்பது, மாநிலங்கள் திட்டம் எழுதி அனுப்புவது, இதிலேயே மூன்று வருடம் போய், 2024 முடிகிற வரை அந்தப் பணத்தில் ஒரு வீட்டுக்கும் இணைப்புப் போகவில்லை. 2025 ஜனவரியில் ஆட்சி மாறியது, ஜூனில் விதிகளையும் மாற்றி, கண்ணாடி இழைதான் முதலில் என்றிருந்ததை எடுத்துவிட்டு சாட்டிலைட் கம்பெனிகளுக்கும் கதவைத் திறந்துவிட்டார்கள்.

அவர்கள் செய்ததில் எனக்குப் பிடித்தது வேறு ஒன்று. ஏழைக் குடும்பங்களின் மாத நெட் பில்லில் 30 டாலரை அரசே கட்டியது, சுமார் 2.3 கோடி வீடுகள் பயனடைந்தன. கம்பி வாசல் வரை வந்தும் மாதக் கட்டணம் கட்ட முடியாத வீடு இருக்கும் என்பதை ஒத்துக்கொண்ட திட்டம் அது. பணம் தீர்ந்ததும் 2024 ஜூன் 1-ல் நின்றுபோனது. மகளிடம் கேட்டுப் பாருங்கள், பக்கத்து வீட்டில் யாராவது வாங்கியிருப்பார்கள்.

● ஊரெல்லாம் நெட் வந்தால் பசங்க கெட்டுப்போய்விட மாட்டார்களா?
(பெயரும் வேண்டாம், ஊரும் வேண்டாம்)

கெடுகிறவன் இப்போதே ஒன்றரை ஜிபியில் கெட்டுக்கொண்டுதான் இருக்கிறான். நீட் வகுப்பு பார்க்க முடியாமல் தவிக்கிற பெண்ணுக்குத்தான் கம்பி வேண்டும்.

● சரி, இவ்வளவு சொல்கிறீர்கள். அடுத்த கிராம சபையில் நான் எழுந்து என்ன கேட்க வேண்டும்? நேராகச் சொல்லுங்கள்.
(சுய உதவிக் குழு உறுப்பினர், மணப்பாறை ஒன்றியம்)

கிராம சபை இப்போது வருடத்துக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நெட் எப்போது வரும் என்று கேட்காதீர்கள், 'விரைவில்' என்ற பதில் தயாராக இருக்கும். நம் ஊராட்சிப் பெட்டி எந்தத் தேதியில் 'சேவைக்குத் தயார்' என்று எழுதி அனுப்பப்பட்டது, அதற்குக் கையெழுத்துப் போட்டது யார் என்று கேளுங்கள். கடந்த மூன்று மாதத்தில் எத்தனை நாள் ஓடியது, பழுதானால் எந்த எண்ணுக்குச் சொல்ல வேண்டும், அந்த எண்ணை ஆபீஸ் சுவரில் எழுதிவைக்க முடியுமா என்று கேளுங்கள். வீடுகளுக்கு இணைப்புக் கொடுக்க யாரை நியமித்திருக்கிறார்கள், இல்லையென்றால் நம் ஊரிலிருந்து யாராவது விண்ணப்பித்தார்களா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் குழுவே விண்ணப்பித்தால் என்ன, கடன் கொடுத்து வாங்கி வசூல் செய்த அனுபவம் உங்களுக்கு இருக்கிறது, கம்பம் ஏற மட்டும் ஒரு ஆள் வேண்டும்.

வீடுகளுக்கு முன்னால் பள்ளிக்கூடத்துக்கும் சுகாதார நிலையத்துக்கும் இணைப்புக் கேளுங்கள். அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் பாரத்நெட் வழியாக பிராட்பேண்ட் கொடுப்போம் என்று 2025 மத்திய பட்ஜெட்டில் அறிவித்திருக்கிறார்கள். பல ஊரில் பள்ளிக்கூடம் ஊராட்சி ஆபீசுக்கு எதிரிலேயே இருக்கும், ரோட்டைத் தாண்டி ஒரு ஒயர் இழுக்க வேண்டியதுதான் பாக்கி.

கேட்டதை எல்லாம் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தாலோ, எழுதியும் பதில் வராவிட்டாலோ, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி டான்ஃபிநெட் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். உங்கள் ஊராட்சி இணைப்பு எத்தனை மணி நேரம் ஓடியது, அதற்குப் பராமரிப்புக் கட்டணமாக யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள், இந்த இரண்டை மட்டும் கேட்டால் போதும், நிறையக் கேட்டால் ஒன்றுக்கும் பதில் வராது. 30 நாளுக்குள் பதில் தர வேண்டும், தராவிட்டால் அதே அலுவலகத்தில் முதல் மேல்முறையீடு செய்யலாம், அதற்குக் கட்டணம் இல்லை. பதில் வந்ததும் நகல் ஒன்று எனக்கும் அனுப்புங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.